தட்டு கழுவு படலம்

ஜூன் 21, சனி

யோகேஸ்வரி ரீச்சருக்கு வணக்கம்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில், தலைவர் தன் உரையின் மூன்றாம் பக்கத்தில் நின்றபோது, "தலைவர் உரை இனிதே நிறைவுற்றது, கொத்துரொட்டி தயார்" என்று மைக்கில் அறிவித்த புண்ணியவான் நான்தான். மண்டபம் அரை நிமிடத்தில் காலி. மிஞ்சியது தலைவரின் மனைவியும் நித்திரையாயிருந்த ஒரு மாமாவும். ஊரே எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் தண்டனை தந்தீர்கள்: கோடை விடுமுறை முடியும்வரை தமிழில் நாட்குறிப்பு. "எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்துவன், ஆரூரன். மிச்சம் உன்ர பொறுப்பு" என்றீர்கள். சந்தோசம்.

இன்றைய செய்தி: எனக்குக் கோடை வேலை கிடைத்திருக்கிறது. பேர்கன் நகரசபை பதினாறு வயதுக்காரரில் சிலரை நூலகத்துக்கு அனுப்பும், சிலரைப் பூங்காவுக்கு அனுப்பும். என்னை ஏரிக்கு அனுப்பியிருக்கிறது. ஏரிக்கரைக் காட்டில் தட்டெறி மைதானம் இருக்கிறது. மரங்களுக்கிடையே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள். பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து கூடைக்குள் விழுத்த வேண்டும். கோல்ஃப் மாதிரித்தான், பந்துக்குப் பதில் தட்டு, பணக்காரருக்குப் பதில் தாடிக்காரர். இந்தத் தாடிக்காரர்களில் பாதிப் பேர் கூடையைக் குறிபார்த்து ஏரிக்குள் எறிகிறார்கள். படகில் போய் அவற்றை அள்ளி, கழுவி, அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும் போன் நம்பருக்கு அறிவித்து, உரியவரிடம் கொடுக்க வேண்டும். தொலைந்த தட்டை வைத்திருக்காமல் கூப்பிட்டுக் கொடுப்பது இவர்கள் வழக்கம். அதனால்தான் எல்லாரும் தட்டின் அடியில் பெயரும் நம்பரும் எழுதுகிறார்கள்.

இதை வீட்டில் சொன்னதும் அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். பாவம், சுவருக்குப் பார்க்க யாருமில்லை.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். பேர்கனில் உள்ள தமிழர் அனைவருக்கும் தெரியும். போன ஒக்டோபரில் சாரங்கன் அண்ணா எஞ்சினியரிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, தட்டு விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அப்பா ஹொட்டேலில் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் பகுதிக்குப் பொறுப்பானவர். செய்தி கேட்டதும் வேலை உடுப்போடேயே ஏரிக்கு வந்து, போட்டி நடந்துகொண்டிருக்கும்போது, அண்ணாவின் தோளிலிருந்த பையைப் பறித்து மரப்பாலத்தில் நின்று தண்ணீருக்குள் கவிழ்த்தார். "கோப்பை கழுவிப் படிப்பிச்சனான், தட்டெறியவோ?" என்று கத்தினார். தாடிகள் எல்லாம் கைகட்டி நின்றன. அண்ணா திரும்பி நடந்து போனான். இப்போது நகரத்தின் மறுபக்கத்தில் சிநேகிதர்களோடு இருக்கிறான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அப்பாவும் அவனும் கதைப்பதில்லை.

எனக்கு இதில் ஒரு கவலையும் கிடையாது. அண்ணாவின் பெரிய அறை எனக்குத்தான். இன்னும் அதற்கு மாறவில்லை. கட்டில் இழுக்க நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 19 அதே ஏரியில் போட்டி. பெயர்ப்பட்டியலில் அண்ணா இருக்கிறான். அதற்குள் அவனுடைய தட்டுகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, அதைச் சாட்டாக வைத்து அவனை வீட்டுக்குக் கூட்டி வருவேன். சும்மா, பொழுது போக வேண்டுமே.

ஜூன் 23, திங்கள்

என் மேலதிகாரியின் பெயர் ஒய்வின். பெயரை நம்பிப் போனேன், ஓய்வே இல்லை.

ஏரியில் கிடந்த தட்டு எப்படி நாறும் தெரியுமா ரீச்சர்? பாசி, சேறு, வாத்து எச்சம், அதற்குமேல் ஏதோ ஒரு நத்தைக் குடும்பம். இளஞ்சூட்டுத் தண்ணீர், கோப்பை கழுவும் சோப், மெத்தென்ற பல்துலக்கி, இவ்வளவுதான் ஆயுதம். விளிம்பின் உட்பக்கப் பள்ளத்தில்தான் சேறு ஒளிந்திருக்கும். கம்பிப் பஞ்சால் தேய்த்தால் கீறல் விழும். கொதிநீர் கூடாது. கோப்பை கழுவும் மெஷினுக்குள் போடவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விடக் கூடாது.

"பேர்கன்ல வெயிலா?" என்று கேட்டேன். ஒய்வின் சிரிக்கவில்லை. இந்த நோர்வே ஊர்க்காரருக்கு மழை ஒரு மதம், அதில் பகிடி விடக் கூடாது.

ஜூன் 25, புதன்

உரியவர்களுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பை ஒய்வின் என்னிடம் தந்தார். தவறு அவருடையது. நான் அனுப்பியது: "உங்கள் மஞ்சள் தட்டு எங்கள் பிடியில் இருக்கிறது. பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்றால் தனியாக வாருங்கள். சொக்கலேட் கொண்டு வாருங்கள்."

இரண்டு பேர் சொக்கலேட்டோடு வந்தார்கள். ஒருவர் மனைவியைக் காரில் இருத்திவிட்டு உண்மையாகவே தனியாக வந்தார்.

செய்தி அனுப்பும் பொறுப்பு மறுபடி ஒய்வினிடம்.

ஜூன் 27, வெள்ளி

ஏரிக்கரைத் தட்டெறிக் கழகத்தில் தண்ணீர்க்குழாய் பழுது. ஒரு கூடை ஊத்தைத் தட்டை வீட்டுக்குக் கொண்டு வந்து குளியல் தொட்டியில் கொட்டினேன்.

"ஐயோ, என்னடா இது நாத்தம்! வீடோ இது, மீன் சந்தையோ?" என்று அம்மா மூக்கைப் பொத்தினார்.

"வேலைம்மா. நகரசபை வேலை."

"நகரசபையையும் கொண்டு வந்து தொட்டிக்குள்ள ஊறப் போடு."

அப்பா கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். வாசித்தார் என்றால், பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தார். நான் தேய்க்கத் தேய்க்க அவருடைய கால் ஆடியது. கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"உப்பிடியோ தேய்க்கிறது? உது தடவுறது. கோப்பை உனக்குப் பூனையோ?"

"இது கோப்பை இல்லையப்பா."

"கோப்பையெண்டாலென்ன, தட்டெண்டாலென்ன, ஊத்தை ஊத்தைதான். தள்ளு அங்கால."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே குந்தினார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பளபளத்தன. ஒவ்வொன்றையும் கழுவி முடித்து, திருப்பி, அடியில் எழுதியிருந்த பெயரை வாசித்தார். "லார்ஸ். கோரே. சிவெர்ர." பிறகு எதையோ தேடிக் கிடைக்காதவர் போலக் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வளரும் தொழில் இது. அப்பா கோப்பை, நான் தட்டு.

ஜூலை 1, செவ்வாய்

மரப்பாலத்துக்குக் கீழே, சேற்றுக்குள், செம்மஞ்சள்! நீளத்தடி வாரியை விட்டு இழுத்தேன், வந்தது. அண்ணாவின் முதல் தட்டு. எட்டு வருடமாக எறிந்து எறிந்து விளிம்பு மழுங்கி, சொன்ன சொல் கேட்கிற தட்டு. அடியில் SARANGAN, செத்துப்போன பழைய நம்பர்.

அண்ணாவின் புது நம்பருக்குப் படம் அனுப்பினேன். பதில்: "அது அங்கேயே கிடக்கட்டும்."

ஒரு நிமிடம் கழித்து இன்னொரு பதில்: "வளையாமல் நேராத்தானே இருக்கு?"

ஜூலை 4, வெள்ளி

இன்று காலையில் படகை எடுக்கப் போனபோது மரப்பாலத்தில் ஒருவர் குனிந்து நின்றார். கையில் நீச்சல்குளத்தில் இலை அள்ளும் நீளத்தடி வலை. தடியில் ஹொட்டேலின் பெயர்.

"என்னப்பா இஞ்ச?"

அப்பா திடுக்கிட்டார். "மீன் பாக்கிறன்."

"இந்த ஏரியில மீன் இல்லையப்பா."

"அதுதான் பாக்கிறன், ஏன் இல்லையெண்டு."

வலையில் பாசி, ஒரு பியர்க் குப்பி, ஒரு சிறுபிள்ளைச் சப்பாத்து. காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. வேறொன்றும் நான் கேட்கவில்லை. என்னை நீங்கள் வாயாடி என்கிறீர்கள் ரீச்சர். இதை நினைவில் வையுங்கள்.

ஜூலை 9, புதன்

வேட்டை நல்ல வேட்டை. நீலம், பச்சை, வெள்ளை, சிவப்பில் இரண்டு. பாலத்தடியில் குடும்பமாகக் கிடந்தன. அண்ணாவின் பையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இப்போது எங்கள் குளியல் தொட்டியில். வேண்டுமென்றேதான் பெயர் தெரியும்படி கவிழ்த்து வைத்தேன். அப்பா பல் விளக்க வந்தார். பல் விளக்கும் சத்தம் கேட்கவில்லை.

வெளியே வந்து சொன்னார்: "உதுகளை நீ தொடாத. உனக்குக் கழுவத் தெரியாது. நான் பாக்கிறன்."

அம்மா அடுப்படியில் அவசரமாக வெங்காயம் வெட்டினார். இன்றைக்கு வெங்காயம் போட்ட கறி ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ரீச்சர், இதை எழுதும்போது சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை, ஆகவே எழுத்துப் பிழை வந்தால் மன்னிக்கவும்.

நான் படகில் இருந்த நேரம் அப்பா தட்டுகளை எல்லாம் ஹொட்டேலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தொட்டியில் கழுவியது அவருக்குத் திருப்தி இல்லை. விளிம்புப் பள்ளத்தில் பாசி மணம் நிற்கிறதாம். இருபத்தைந்து வருடமாக மெஷின் ஓட்டுகிறவருக்கு மெஷின்தான் கடவுள். கடவுளிடம் ஒப்படைத்தார். கடவுள் எண்பத்தைந்து டிகிரியில் ஆசீர்வதித்தார்.

பின்னேரம் அப்பா ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு தட்டும் தட்டையாக இல்லை. பொரித்த அப்பளம் போல ஒன்று. வாழை இலைத் தொன்னை போல ஒன்று. நீலம், யாரோ அதன் மேல் இருந்து எழும்பினது போல. செம்மஞ்சள் நடுவில் குழிந்து, கஞ்சி குடிக்கக் கூடிய பாத்திரமாகிவிட்டது. ஆனால் சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். அண்ணாவின் பெயரும் நம்பரும்கூடக் கழுவப்பட்டுப் போயிருந்தன.

அம்மா செம்மஞ்சளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஒன்பது மாதம் சேர்த்து வைத்ததை ஒரே வசனத்தில் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, பிள்ளையத்தான் உங்கட விருப்பத்துக்கு வளைக்கப் பாத்தீங்கள், அவன் வளையேல்லை. இதுகள் என்ன பாவம் செய்ததுகள்?"

அப்பா எழும்பிப் பல்கனிக்குப் போனார். மழை. குடை எடுக்கவில்லை. ஆசைப்பட்டால்கூட இதைப் பகிடியாக்க என்னால் முடியவில்லை.

ஜூலை 12, சனி

அண்ணாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "எனக்குத் தெரிந்த ஒருவருடைய தட்டு சூட்டில் வளைந்துவிட்டது. என்ன செய்யலாம்?"

"யாருடைய?"

"ஒரு தாடிக்காரர்." அப்பாவுக்கு மீசை மட்டும்தான். உரோமம் உரோமம்தானே.

கடைக்காரன் இல்லையா, உடனே விபரம் வந்தது. கை பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் ஊறவிட்டு, மெதுவானதும் கையால் வடிவத்துக்குக் கொண்டுவந்து, மட்டமான இடத்தில் வைத்து மேலே பாரம் ஏற்றி, அப்படியே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் திரும்ப வளையும்.

அப்பா என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் ஊறவிடுறதெண்டு கேள்."

கேட்டேன். பதில் வந்தது.

"விளிம்பை முதல் அமத்துறதோ, நடுவையோ?"

கேட்டேன். பதில் வந்தது: "நடு. விளிம்பைப் பெருவிரலால மெதுவா. உன்ர தாடிக்காரர் நல்லாக் கேள்வி கேக்கிறார்."

"சொல்லு அவனுக்கு..." என்று தொடங்கிய அப்பா நிறுத்தினார். "ஒண்டும் சொல்லாத."

பாரத்துக்கு என்ன செய்வது? அம்மா தோசைக்கல்லைத் தர மறுத்தார். அப்பா அண்ணாவின் அறைக்குள் போனார், நெடுநாளைக்குப் பிறகு. வெளியே வந்தபோது கைநிறைய எஞ்சினியரிங் புத்தகங்கள். வெப்ப இயக்கவியல், திரவ இயக்கவியல், பொருட்களின் வலிமை. ஒவ்வொன்றும் செங்கல் கனம். சாப்பாட்டு மேசை முழுக்கத் தட்டுகளைப் பரப்பி, மேலே புத்தகங்களை அடுக்கினார். கடைசியில் அந்தப் படிப்பு ஒரு பிரயோசனத்துக்கு வந்தது.

நிலத்தில் குந்தியிருந்து சோறு சாப்பிட்டோம். மேசையில் இடமில்லை.

ஜூலை 14, திங்கள்

புத்தகங்களைத் தூக்கினோம். பெரும்பாலானவை நேராகிவிட்டன. தொன்னை இன்னும் தொன்னைதான். செம்மஞ்சள் முக்கால்வாசி. அப்பா அதை மறுபடி சுடுதண்ணீரில் போட்டார். வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறார். காய்ச்சலாம். முகத்தில் ஆவி பட்டுச் சிவந்திருந்ததால் பொய்யென்றும் சொல்ல முடியாது.

ஜூலை 17, வியாழன்

தட்டின் அடியில் பெயரும் நம்பரும் எழுத வேண்டும் அல்லவா, எல்லாம் மெஷினில் போய்விட்டதே. அப்பா அழியாத மார்க்கர் ஒன்று வாங்கி வந்து, கண்ணாடி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். கல்யாணக் கார்டில் விலாசம் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக: சாரங்கன் தவராசா. முதலில் தமிழில், கீழே நோர்வேஜிய எழுத்தில். கடைசியில் ஒரு நம்பர்.

எட்டிப் பார்த்தேன். "அப்பா, இது உங்கட நம்பரெல்லோ?"

"ஓம்."

"தட்டு அண்ணாட."

"அவன்ர புது நம்பர் எனக்குத் தெரியாது."

"அம்மாக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொல்லட்டோ?"

"நான் கேட்டனானோ?" என்றார் அப்பா, அடுத்த தட்டை எடுத்தபடி.

எனக்கென்ன. எவனாவது தட்டைக் கண்டெடுத்து இவருக்குப் போன் பண்ணட்டும். அப்போது தெரியும்.

ஜூலை 19, சனி

போட்டி. பேர்கனுக்கே வெட்கமாக இருந்திருக்கும், வெயில் எறித்தது. அண்ணா வந்தான். தாடி வளர்த்திருந்தான், மதம் மாறிவிட்டான் போல. பையை நான் தூக்கினேன். புதுத் தட்டுகளோடு எறிந்தான், சுமாராக. பட்டியலில் நடுவிலும் இல்லாமல் கடைசியிலும் இல்லாமல் ஓர் இடம்.

முழு நேரமும் வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் கார் நின்றது. உள்ளே ஒரு தலை. அண்ணா ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் பார்க்காமல் எறிந்தான். பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டான் என்பதற்குச் சாட்சி: மூன்று முறை மரத்தில் அடித்தான்.

முடிந்ததும் அப்பா பெட்டியோடு இறங்கி வந்தார்.

"கழுவினது" என்றார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு மகனோடு பேசிய முதல் சொல்.

அண்ணா மூடியைத் திறந்தான். செம்மஞ்சளை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, விளிம்பை ஒரு கண்ணால் பார்த்தான். "மெஷின்லயோ போட்டனீங்கள்?"

"...ஓம்."

"எத்தினை டிகிரி?"

"எண்பத்தஞ்சு."

"அப்பா!"

"கோப்பை எண்டு நினைச்சிட்டன்."

"அப்ப அந்தத் தாடிக்காரர்..." என்று அண்ணா என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அபூர்வமான நீலம்.

மன்னிப்பு என்ற சொல் அப்பாவின் வாயில் வராது ரீச்சர். எண்பத்தஞ்சு வந்தது. அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

அண்ணா தட்டைத் திருப்பினான். அடியில் இருந்ததை வாசித்தான். நம்பரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வாசித்தான்.

"வீட்ட வாவன்" என்றேன் நான். "அம்மா இறால் வாங்கி வச்சிருக்கிறா."

"நேரம் போயிட்டுது" என்றான். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அப்பா பஸ் போகும்வரை நின்று, பிறகு எனக்கு, "சீற் பெல்டைப் போடு" என்றார்.

இறால் நல்லாத்தான் இருந்தது. மூன்று பேருக்கு அது அதிகம்.

என் திட்டம் படுதோல்வி. எழுதிவைக்கிறேன், நீங்கள் சந்தோசப்படலாம்.

ஜூலை 27, ஞாயிறு

அண்ணா இனி ஞாயிறுகளில் எங்கள் ஏரிக்கே வருவானாம். புதுத் தட்டுகளை விட்டுவிட்டுப் பழையவற்றோடு வந்திருந்தான். செம்மஞ்சள் இப்போது இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. "படிக்காதது, இப்பிடித்தான் போகும்" என்று சிரித்தான். கடையில் மார்க்கரும் விற்கிறான், மை அழிக்கும் ஸ்பிரிட்டும் விற்கிறான். ஆனால் ஒரு தட்டிலும் நம்பரை மாற்றவில்லை.

நான் பை தூக்கினேன். ஆறாவது கூடைப் பக்கம் சிவப்பு ஒன்று காணாமல் போய்விட்டது. எப்படிப் போனதென்று எனக்கென்ன தெரியும்.

ஜூலை 29, செவ்வாய்

சாப்பாட்டு நேரம் அப்பாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். நோர்வேஜியப் பெண் குரல், சத்தமாக. "சாரங்கனா பேசுவது?"

அப்பாவின் கையில் சோற்றுக் கவளம். "இல்லை" என்றார் நோர்வேஜிய மொழியில். பிறகு, "நான் அவனுடைய அப்பா."

அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண் நாயோடு நடக்கும்போது பற்றைக்குள் சிவப்புத் தட்டைக் கண்டாளாம். ஏரிக்கரைக் கோப்பிக் கடையில் கொடுத்திருக்கிறாளாம். அப்பா நன்றி சொன்னார், மறுபடி நன்றி சொன்னார், அவள் வைத்த பிறகும் ஒருதடவை நன்றி சொன்னார்.

"தம்பி, அண்ணாட்டச் சொல்லு, தட்டு அம்பிட்டிட்டுதெண்டு."

"என்ர போன்ல சார்ஜ் இல்லையப்பா."

அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குக் கறி அடிப்பிடிக்குது" என்றார் அம்மா. அடுப்பு அணைந்து கனநேரம்.

"நம்பரையாவது சொல்லு."

அம்மா திரும்பாமலே, கந்தசஷ்டி சொல்வது போல ஒப்புவித்தார். அப்பா கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். அழுத்தினார்.

"ஹலோ. நான்... அப்பா. உன்ர தட்டொண்டு அம்பிட்டிருக்கு. ...ஓம். சிவப்பு. ...ஓம். ...சாப்பிட்டியோ? ...சரி வை."

அவ்வளவுதான். அதற்குள் வேர்த்துவிட்டது மனுசனுக்கு.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இம்முறை வெள்ளை. கண்டெடுத்தவர் ஒரு பாதிரியார். அப்பா அவரோடு பத்து நிமிடம் கதைத்தார். "என் மகன் கெட்டிக்காரன், ஆனால் குறி கொஞ்சம் பிழைக்கிறது" என்றார். இது எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத வசனம். முதல் பாதியைச் சொல்கிறேன்.

அண்ணாவுக்கு அவரே எடுத்தார், என்னைக் கேட்காமல்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

சிவப்பு, மறுபடியும். அப்பா போனில் கத்தினார்: "உனக்கு எறியத் தெரியாதெண்டால் என்னத்துக்கடா எறியிறாய்? கிழமைக்கொருக்கா ஆரோ கூப்பிடினம், எனக்கு வேலையில்லையோ?"

மறுமுனையில் அண்ணா சிரிப்பது எனக்கே கேட்டது. அப்பா திட்டும் சத்தம் இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலம்! அம்மா ரி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரசித்தார்.

"நான் உனக்குத் தபால்காரன் இல்லை. கடையில போய் எடுத்து வச்சிருக்கிறன். வந்து கொண்டு போ."

ஓகஸ்ட் 16, சனி

வந்தான்.

அப்பா சிவப்புத் தட்டை அடுப்படிச் சிங்கில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் கழுவி, சாய்த்து வைத்திருந்தார். அண்ணா துணியால் துடைக்கப் போனான்.

"துணி போடாத, தானாக் காயட்டும். துணி நூல் விடும்."

"இதுக்குத் துணிதானப்பா போடுறது."

"எனக்குக் கழுவப் பழக்கிறியோ நீ?"

இதிலேயே அரை மணி நேரம் போனது. எனக்குச் சண்டை பிடிக்கும், சுகமாக இருந்தது. பிறகு சோறு போடும்போது அப்பா தாங்க முடியாமல் கேட்டார்: "அப்ப அந்த மூண்டாம் வரியம்..."

அண்ணாவின் கதிரை பின்னால் நகர்ந்தது. அம்மாவின் கை நின்றது. நான் ஒரு நல்ல பகிடியைத் தேடினேன். வேண்டிய நேரத்தில் ஒன்றும் வராது.

அப்பா தன் சோற்றுக் கோப்பையையே பார்த்தார். பிறகு சொன்னார்: "...சரி. கறியைப் போடு அவனுக்கு. மெலிஞ்சு போனான்."

கதிரை முன்னால் வந்தது.

மூன்றாம் வருடம் முடிந்துவிடவில்லை ரீச்சர், அப்பாவை எனக்குத் தெரியும். அடுத்த முறையும் கேட்பார். கேட்கட்டும். கேட்பதற்கு ஆள் எதிரே இருக்க வேண்டுமே.

ஓகஸ்ட் 22, வெள்ளி

நாளை தமிழ்ப் பள்ளி தொடக்கம். இதை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இன்று என் கடைசி வேலைநாள். ஒய்வின் ஒரு சந்தேகம் கேட்டார். "உன் அண்ணன் நன்றாக எறிகிறவன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றைத் தொலைக்கிறான். அதுவும் நாய்க்காரர்கள் நடக்கும் பாதையோரத்தில். அதுவும் எப்போதும் கவிழ்ந்து, நம்பர் மேலே தெரியும்படி. இது எப்படி நடக்கும்?"

"காற்று" என்றேன்.

"காற்றா?"

"திரவ இயக்கவியல்" என்றேன். மேசையில் அந்தப் புத்தகத்தின் அட்டையைப் பல நாள் பார்த்திருக்கிறேன். அவருக்கு மேலே கேட்கத் தெரியவில்லை.

போன ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன் அண்ணா பையை என் தோளில் மாட்டினான். மாட்டிவிட்டு, மழை பெய்யுமா என்று கேட்பது போலக் கேட்டான்:

"இண்டைக்கு எது தொலையப் போகுது?"

"எனக்கென்ன தெரியும்?"

"செம்மஞ்சளை விட்டிடு. அது எனக்கு வேணும்."

"விசர்க் கதை கதைக்காத" என்றேன். அவன் எறியப் போய்விட்டான்.

நாளை மறுநாள் ஞாயிறு. காற்றே இருக்காது என்று வானிலை அறிக்கை சொல்கிறது. எனக்கென்னவோ நீலம் ஒன்று பறக்கும் என்றுதான் படுகிறது.